எஞ்சினுக்குள் ஒரு பச்சை நூல்

"அக்கா, எஞ்சினுக்கு இன்னைக்கும் ஒன்னுக்கு வரல!"

ஆரூரன் போட்ட சத்தத்தில் படகிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய அக்கா கேசினி மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் தலைக்கு மேலாக எட்டி, படகின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

அவன் சொன்னது சரிதான்.

எஞ்சினின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. எஞ்சின் ஓடும்போது அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகப் பீச்சி அடிக்கும். "கீழ தண்ணியக் குடிச்சி, உடம்பு முழுக்கச் சுத்த விட்டு, சூட்டைத் தணிச்சிட்டு, மேல வெளிய விடும். தண்ணி பீச்சினா எஞ்சின் சுகமா இரிக்கி எண்டு அர்த்தம்" என்று படகோட்டும் முன்ஸிப் நானா முதல் நாளே சொல்லியிருந்தார்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஆரூரன் அதைத் தனக்குத் தெரிந்த மாதிரிப் புரிந்துகொண்டான். அன்றிலிருந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து எஞ்சின் ஒன்றுக்குப் போகிறதா என்று பார்ப்பதை அவன் ஓர் உத்தியோகமாகவே செய்துவந்தான்.

இன்று கோடு இல்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிறகு சொட்டும் நின்றது.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. சூடான பெயின்ட் வாசனை வந்தது. 'டக்' என்று நின்றுவிட்டது.

படகு டேம் நீர்த்தேக்கத்தின் நடுவில் மெல்லச் சுற்றியது. ஒரு பக்கம் தேயிலை மலை. மறு பக்கம் பள்ளிக்கூடத்தின் நீலக் கூரை. இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன.

கேசினி கையை நனைத்து எஞ்சின் மேல் உதறினாள். ரொட்டிக் கல்லில் தண்ணீர் தெளித்தது போல் 'சுர்ர்' என்றது.

"நானா, முட்டை பொரிக்கலாம் போல" என்றான் ஆரூரன்.

"முட்டையும் இல்ல, நேரமும் இல்ல தம்பி. எல்லாரும் அசையாம இரிங்க" என்றார் முன்ஸிப் நானா. சிரிக்கப் பார்த்தார், ஆனால் சிரிப்பு வரவில்லை. துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினார்.

கீழ்க்கணக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படகில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்பு மலையோரப் பாதையில் நடந்துதான் போனார்கள். பெரிய மழையில் மலை சரிந்து, அந்தப் பாதை இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. சுற்றிப் போனால் இரண்டரை மணி நேரம். அதுவும் சரிந்த மலைக்குக் கீழேதான் போக வேண்டும். எந்த அம்மாவும் விடவில்லை.

இரண்டு மாதம் பன்னிரண்டு பிள்ளைகளும் தோட்டத்து லய வீடுகளிலேயே இருந்தார்கள். முதல் வாரம் ஜாலியாக இருந்தது. பிறகு கேசினிக்கு ஒவ்வொரு நாளும் அக்கரையில் பள்ளிக்கூட மணி அடிப்பது மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பிறகுதான் பொத்துவில்லிலிருந்து ஒரு லொறியில் படகும் எஞ்சினும் வந்தன. கூடவே முன்ஸிப் நானாவும் வந்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது. கடலில் வளர்ந்தவர். மலைக்குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டும் பல் கிடுகிடுக்கும்.

இன்று படகு கரை சேர்ந்தபோது பள்ளிக்கூட அதிபர் சிற்றம்பலம் சேர் தண்ணீர் ஓரத்திலேயே நின்றார். கையில் குடை இருந்தது.

"மணி என்ன?" என்று கேட்டார்.

"எட்டரை சேர்" என்றார் முன்ஸிப் நானா.

"பள்ளிக்கூடம் எத்தினை மணிக்கு?"

"ஏழரைக்கு."

"இந்தக் கிழமையில இது மூண்டாம் தரம், தம்பி. காத்து அடிக்கிற நேரம் நடுத்தண்ணியில நிண்டால், பன்னிரண்டு பிள்ளையளுக்கும் ஆர் பொறுப்பு?"

முன்ஸிப் நானா தலை குனிந்தார். "எஞ்சின் சூடாகுது சேர். தண்ணி இழுக்கிற ரப்பர் சில்லு பழுதாக்கும் எண்டு போன கிழமை புதுசு மாத்தினேன். திரும்பியும் சூடாகுது. ஏன் எண்டு விளங்குதில்ல."

"எனக்கும் விளங்கேல்லை. நாளைக்குப் பின்னேரம் பிள்ளையளோட நானும் ஏறி வாறன். அங்கால போய் இஞ்சால வரேக்க எங்கையாவது நிண்டுதெண்டால், திங்கக்கிழமையில இருந்து படகு வேண்டாம். வேற வழி இல்லை."

அதிபர் கோபமாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருப்பதைக் கேசினி கவனித்தாள். படகு வருகிறதா என்று பார்க்க அவர் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்றிருக்கிறார்.

அன்று முழுவதும் வகுப்பில் கேசினியின் காதில் 'படகு வேண்டாம்' என்பது மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னேரம் துடுப்பு வலித்தே திரும்பினார்கள். மற்றப் பிள்ளைகள் மேட்டில் ஏறி லயத்துக்குப் போய்விட்டார்கள். கேசினி போகவில்லை. அக்கா போகாததால் ஆரூரனும் போகவில்லை.

கரையில் இரண்டு கட்டைகளை நட்டு, குறுக்கே ஒரு பலகை அடித்து வைத்திருந்தார் முன்ஸிப் நானா. தினமும் எஞ்சினைத் தோளில் தூக்கிவந்து அந்தப் பலகையில் மாட்டுவார். எஞ்சினின் அடிப்பகுதி கீழே இருக்கும் தண்ணீர் நிறைந்த நீலப் பீப்பாவுக்குள் இறங்கும். பத்து நிமிடம் அங்கேயே ஓடவிட்டுக் கழுவுவார். அந்த நேரத்தில்தான் ஊருக்கும் பேசுவார். பேசுவதென்றால், தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குரலைப் பதிந்து அனுப்புவது.

இன்று எஞ்சின் ஓடாமல் புல்லில் கிடந்தது. ஆனாலும் அவர் தொலைபேசியை எடுத்தார்.

"உம்மா, சாப்பிட்டீங்களா? இஞ்ச எல்லாம் நல்லா இரிக்கி. குளிரும் இல்ல. எஞ்சினும் நல்லா ஓடுது எண்டு வாப்பாட்டச் சொல்லுங்க..."

"ஐயே, நானா பொய் சொல்றாரு!" என்றான் ஆரூரன்.

முன்ஸிப் நானா திடுக்கிட்டார். விரல் தவறிப் பட்டது. 'விஷ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அல்லாஹ்! போயிட்டு!"

"எது போச்சு?"

"ஒங்கட சத்தமும் சேந்து போயிட்டு தம்பி!"

அவர் அதை அழிக்கத் தேடுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு பெண்ணின் குரல்: "மகன், ஆரு அது பக்கத்துல? என்னத்தப் பொய் எண்டு சொல்றான்? எனக்கு நெஞ்சு படபடங்குது. ஒழுங்காச் சொல்லு."

முன்ஸிப் நானா தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேசினி தம்பியின் காதைப் பிடித்தாள். "மன்னிப்புக் கேளுடா."

"விடுங்க தங்கச்சி. அவன் சொன்னது சரிதானே. இது வாப்பாட எஞ்சின். இருவது வருஷம் கடல்ல ஓட்டினாரு. ஒரு நாளும் நிண்டதில்ல. என்ட கைக்கு வந்து மூணு மாசத்துல நிண்டுட்டு எண்டு எப்பிடிச் சொல்ற?"

கேசினி எஞ்சினுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள்.

"நானா, தண்ணி எந்த வழியா உள்ள போகுது?"

"கீழ இந்தக் கீறல் கீறலா இரிக்கே, இதால. அங்க ரப்பர் சில்லு சுத்தி மேல தள்ளும். பொறகு இந்தச் செம்புக் குழாய். பொறகு தலைக்குள்ள போய், இந்த ஓட்டையால வெளிய."

"எங்க பீலி மாதிரித்தான்" என்றாள் கேசினி.

"பீலி எண்டா?"

"லயத்துக்குப் பின்னால தண்ணி விழுமே, அது. மேல ஊத்துல இருந்து குழாய்ல வருது. தண்ணி நின்னுட்டா எங்க அப்பா பீலிய நோண்ட மாட்டாரு. மேல ஊத்துக்குப் போயி, அங்க இருந்து ஒவ்வொரு மூட்டா கழட்டிப் பாத்துக்கிட்டே கீழ வருவாரு. எந்த மூட்டுல தண்ணி வரலையோ, அதுக்கும் அதுக்கு முந்தின மூட்டுக்கும் நடுவுலதான் அடைப்பு. நான்தான் அப்பாவுக்கு வாளி புடிப்பேன்."

"ஒரு தடவ தவள வந்துச்சு" என்றான் ஆரூரன்.

முன்ஸிப் நானா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "சரி. தவள இரிக்கா எண்டு பாப்பம்."

கீழே இருந்து தொடங்கினார்கள். தண்ணீர் உள்ளே போகும் கீறல்களில் ஒரு இலைகூட இல்லை. அடுத்த மூட்டு, ரப்பர் சில்லு. அவர் கழற்றிக் காட்டினார். புத்தம் புதிதாக இருந்தது.

"மாத்தக்குள்ள பழைய சில்லுல ரெண்டு நூல் சுத்தியிருந்திச்சி" என்றார். "வலை நூலாக்கும் எண்டு எறிஞ்சிட்டேன். கடல்ல அது வழமை."

மூன்றாவது, செம்புக் குழாய். முன்ஸிப் நானா ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். மறுமுனையில் கேசினியின் உள்ளங்கையில் காற்றுப் பட்டது.

"வருது நானா! இதும் நல்லா இருக்கு."

நாலாவது, மேலே ஓட்டைக்குப் போகும் கறுப்பு ரப்பர்க் குழாய். "நான் ஊதுறேன், நான் ஊதுறேன்" என்று ஆரூரன் குதித்தான். ஓட்டைப் பக்கம் வாயை வைத்து ஊதினான். கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பின. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. காற்று போகவில்லை.

"இங்கதான்!" என்றாள் கேசினி. "இந்த மூட்டுக்கும் முந்தின மூட்டுக்கும் நடுவுல!"

அந்த நடுவில் இருந்தது எஞ்சினின் தலை. அதன் மேல் ஒரு சின்ன இரும்பு மூடி. நாலு போல்ட்.

முன்ஸிப் நானா போல்ட் கழற்றும் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"என்ன நானா?"

"இதுக்குள்ள ஒரு சின்னக் கதவு இரிக்கி. எஞ்சின் சூடானாத் தானா அகலமாத் தொறக்கும், தண்ணி கூடப் போகும். இந்த மூடிய வாப்பாதான் கழட்டுவாரு. நான் ஒரு நாளும் கழட்டினதில்ல. திரும்பப் பூட்டத் தெரியாமப் போனா, நாளைக்கு ஓடவே ஓடாது."

கேசினி தன் புத்தகப் பையைத் திறந்தாள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள்.

"நீங்க ஒன்னொன்னாக் கழட்டித் தாங்க. நான் கழட்டின ஒழுங்குலயே இதுல வைக்கிறேன். கடைசியாக் கழட்டினத மொதல்ல பூட்டுவோம். எதுவும் மாறாது."

முன்ஸிப் நானா அவளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

மூன்று போல்ட் சுலபமாக வந்தன. நாலாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் திருகியதும் 'கிரீச்' என்று வந்தது. கேசினி அதை வாங்கி நாலாவது இடத்தில் வைத்தாள்.

மூடி திறந்தது.

உள்ளே அந்தச் சின்னக் கதவின் வாயில், பஞ்சு மாதிரி ஒன்று அடைந்திருந்தது. பெரிய விரலுக்கு எட்டவில்லை. கேசினி தன் சட்டையிலிருந்த ஊசியைக் கழற்றி, நுனியை வளைத்து, மெல்ல உள்ளே விட்டு இழுத்தாள். வெள்ளை நூல்கள். மயிரை விட மெல்லியவை. இழுக்க இழுக்க வந்தன. பக்கத்திலிருந்த குழாயின் வாயிலிருந்தும் ஒரு கொத்து வந்தது.

"தவள இல்ல" என்றான் ஆரூரன் ஏமாற்றத்தோடு.

முன்ஸிப் நானா நூல்களைக் கையில் ஏந்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வலை நூல்தான்! ஊர்ல எஞ்சினுக்கு மேல வலையப் போட்டு வெச்சது நான்தான். என்ட பிழை. பரவாயில்ல, காரணம் தெரிஞ்சிட்டே. அது போதும்!"

 கேசினியின் கண் அந்தக் கொத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது.

அத்தனை வெள்ளை நூல்களுக்கு நடுவே, ஒரே ஒரு பச்சை நூல்.

அவள் மெல்லத் திரும்பிப் பீப்பாவைப் பார்த்தாள். பீப்பாவை மூடியிருந்தது ஒரு பழைய உரச் சாக்கு. வெள்ளைச் சாக்கு. அதில் பச்சை எழுத்து.

மூன்று வாரத்துக்கு முன்பு சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்திருந்தார். திறந்து கிடக்கும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும், எல்லாவற்றையும் மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே கேசினி விறகுக்கு மேல் கிடந்த சாக்கை எடுத்துவந்து பீப்பாவின் வாயில் கட்டினாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. "நல்ல வேலை செஞ்சீங்க தங்கச்சி" என்று முன்ஸிப் நானா பாராட்டினார். அன்று இரவு அவள் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சாக்கு விறகுக்கு மேல் எத்தனையோ மாதம் வெயிலில் கிடந்து இற்றுப்போனது. தொட்டால் உதிரும். தினமும் அதை அவிழ்த்துக் கட்டும்போது நூல் நூலாகப் பீப்பாவுக்குள் விழுந்திருக்கிறது. எஞ்சின் தினமும் அதைக் குடித்திருக்கிறது.

சொல்லாவிட்டால் என்ன? நானா வலை நூல் என்றே நினைத்துக்கொள்வார். அடைப்பை எடுத்தாயிற்று. சாக்கைப் பிறகு ரகசியமாக எடுத்து எறிந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

போல்ட் நாலையும் பூட்டி, மற்றவற்றையும் மாட்டி முடித்த முன்ஸிப் நானா எழுந்து கையைத் தட்டினார். "வாங்க, பீப்பாவில ஓட்டிப் பாப்பம்!" சாக்கின் கயிற்றைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினார்.

"வேணாம் நானா!"

கேசினி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். 

"வலை நூல் இல்ல நானா. இந்தச் சாக்கு. நான் கட்டுனது. இத்துப்போன சாக்கு. நான் பாக்கல. நுளம்பு வரக்கூடாதுன்னுதான்... என்னாலதான் எஞ்சின் நின்னுச்சு. என்னாலதான் சேர் உங்கள ஏசுனாரு."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

முன்ஸிப் நானா சாக்கின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார். மாவு போல உதிர்ந்தது. பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். சூரியன் சாய்வாக அடித்ததால் இன்று தெரிந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளை நூல்கள் மிதந்தன.

ஆரூரன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நானா என்ன சொல்வார் என்று பார்த்தான்.

முன்ஸிப் நானா பீப்பாவின் விளிம்பில் கையை ஊன்றி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, இந்த டேம் தண்ணியில உப்பு இரிக்கா?"

"இல்ல நானா."

"நான் குடிச்சுப் பாத்திருக்கேன். உப்பே இல்ல" என்றான் ஆரூரன்.

"குடிச்சியா!" என்றாள் கேசினி, அழுகையை மறந்து.

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் பீப்பாவில வெச்சி என்னத்தக் கழுவுறேன்?" என்றார் முன்ஸிப் நானா.

அவரே பதிலும் சொன்னார்.

"கடல் தண்ணி உப்பு. எஞ்சினுக்குள்ள தங்கினா இரும்பத் தின்னுடும். அதால ஊர்ல ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதிட்டு வாப்பாவும் நானும் நல்ல தண்ணியில வெச்சிக் கழுவுவம். இஞ்ச உப்பும் இல்ல, கழுவ வேண்டிய தேவையும் இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரம் வந்தாக் கை சும்மா இரிக்குதில்ல. அதே சத்தம் கேட்டா, வாப்பா பக்கத்துல நிக்கிற மாதிரி இரிக்கும். உம்மாவுக்கும் பின்னால எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் நிம்மதி."

கேசினி மூக்கை உறிஞ்சினாள்.

"நீங்க நுளம்புக்குப் பயந்து மூடினீங்க. நான் ஊரு ஞாபகத்துல கழுவினேன். ரெண்டு பேரும் நல்லதத்தான் செஞ்சம். பாவம், நடுவுல மாட்டினது எஞ்சின்" என்றார். "நீங்க இப்ப சொல்லாட்டி, நான் திரும்பவும் இதுக்குள்ளதான் வெச்சி ஓட்டியிருப்பேன். நாளைக்கு சேரோட நடுத்தண்ணியில நிண்டிருப்பம். அழாம, வந்து பீப்பாவப் புடிங்க."

மூன்று பேரும் சேர்ந்து பீப்பாவைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் புல்லில் ஓடி மறைந்தது. தண்ணீர் இல்லாத பீப்பாவுக்கு மூடியும் தேவையில்லை, அதில் நுளம்பும் வராது.

எஞ்சினைப் படகில் மாட்டி, கரையோரமாகவே ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு விநாடி. இரண்டு விநாடி. பிறகு தண்ணீர் கம்பி மாதிரிப் பீச்சி அடித்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று ஆரூரன் கத்திய சத்தம் லயம்வரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் படகு ஏழேகாலுக்கே பள்ளிக்கூடக் கரையைத் தொட்டது. ஆனால் பின்னேரம்தான் பரீட்சை.

சிற்றம்பலம் சேர் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, குடையோடு படகில் ஏறினார். எல்லா வாங்கையும் ஒரு தடவை பார்த்தார். நேராகப் போய்க் கடைசி வாங்கில், ஆரூரனின் இடத்தில் உட்கார்ந்தார். ஆரூரன் அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

முன்ஸிப் நானா கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது. படகு நகர்ந்தது.

பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பி, எஞ்சினையே வெறித்துப் பார்த்தார்கள். 

"எல்லாரும் என்னத்தைப் பாக்கிறியள்?" என்று கேட்டார் சேர்.

 முன்ஸிப் நானா வானத்தைப் பார்த்தார். கேசினி தம்பியின் காலை மிதிக்க முயன்றாள். எட்டவில்லை.

"எஞ்சின் ஒன்னுக்குப் போகுதான்னு பாக்கிறோம் சேர்" என்றான் ஆரூரன்.

பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். 

சேர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பீச்சியது. காற்று அதை அப்படியே திருப்பி அவருடைய கண்ணாடியில் தெளித்தது.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"போகுது" என்றார். "நல்லாவே போகுது."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. "ஆடாதேங்கோ, ஆடாதேங்கோ" என்று சொன்ன சேரும் குடைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

டேமின் நடுவில் கேசினி கையை நனைத்து எஞ்சின் மேல் தெளித்தாள். 'சுர்ர்' என்று கேட்கவில்லை. தண்ணீர்த் துளி சும்மா உருண்டு ஓடியது.

கீழ்க்கணக்குக் கரையில் இறங்கியதும், கவிழ்த்து வைத்திருந்த நீலப் பீப்பாவின் மேல் சேர் உட்கார்ந்தார். "நல்ல கதிரை" என்றார். "அப்ப தம்பி, என்ன பிழை எண்டு கண்டுபிடிச்சீரோ?"

"நான் இல்ல சேர். கேசினிதான்" என்றார் முன்ஸிப் நானா. "ஊத்துல இருந்து மூட்டு மூட்டாப் பாத்துக் கண்டுபிடிச்சா."

"சாக்கும் நான்தான் சேர் கட்டுனது" என்றாள் கேசினி உடனே.

சேருக்கு எந்தச் சாக்கு என்று விளங்கவில்லை. முழுக்கதையும் சொன்னார்கள். கேட்டு முடித்து, "திங்கக்கிழமை ஏழரைக்கு ஒரு நிமிசமும் பிந்தக்கூடாது" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

அவரைத் திரும்ப அக்கரைக்குக் கொண்டுபோக எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. முன்ஸிப் நானா தொலைபேசியை எடுத்தார். நேற்றிலிருந்து உம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை.

"உம்மா, அந்தப் புள்ள சொன்னது சரிதான். ரெண்டு கிழமையா எஞ்சின் சூடாகி நிண்டுட்டு. ஒங்களுக்குச் சொல்லப் பயமா இருந்திச்சி. குளிரும் கடுமைதான். ஆனா இப்ப எஞ்சின் சரி. வாப்பாட்டச் சொல்லுங்க, மேல் மூடிய நானே கழட்டிப் பூட்டினேன் எண்டு. இந்தா, சத்தத்தைக் கேளுங்க."

தொலைபேசியை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தார். அது 'தட தட' என்று சீராக ஓடியது. தண்ணீர் பீச்சும் சத்தமும் கேட்டது.

அவர் விரலை எடுப்பதற்குள் ஆரூரன் ஓடிவந்து, எம்பி, தொலைபேசிக்குள் கத்தினான்.

"இது உண்மை உம்மா!"

'விஷ்' என்று அதுவும் சேர்ந்தே பொத்துவில்லுக்குப் போனது.